எதிர் நாற்காலி

நவம்பர் 3, திங்கள்

இன்று இருபத்திரண்டு மனு. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மடக்கு மேசை போட்டு ஒன்பது வருடம் ஆகிறது. எதிர் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அவர்களாகவே மாறி "நான்" என்று எழுதுவதுதான் என் பிழைப்பு. இன்று பட்டா கேட்கும் கிழவராக இருந்தேன், பென்ஷன் நின்றுபோன விதவையாக இருந்தேன். கடைசி வரி மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்: "தங்கள் பாதம் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்."

சாயங்காலம் கீழ்பென்னாத்தூரிலிருந்து அண்ணன் போன் பண்ணினார். "தருமன் திரும்பி வரேங்கிறான். தீபம் முடிஞ்சதும் கூட்டிகினு வரேன். நீ கம்முனு சரின்னு சொல்லு, போதும்."

தருமன் என் புருஷன். ஏழு வருடம் முன்னால் இன்னொருத்தியோடு பெங்களூருக்குப் போனவன். சரிண்ணா என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

நவம்பர் 6, வியாழன்

கூட்டம் இல்லை. எதிர் நாற்காலி காலி. சும்மா ஒரு பொம்பளையை அதில் உட்காரவைத்துப் பார்த்தேன். நாற்பத்திரண்டு வயது, புருஷன் விட்டுப்போனவள், பெயர் உண்ணாமலை — நானேதான். எல்லோரிடமும் கேட்பது போலவே கேட்டேன் — என்னம்மா உன் குறை?

"என் கணவர் என்னைக் கைவிட்டதால் மிகுந்த மனவேதனையில்..." இது கை தானாக எழுதும் வரி. அவள் தடுத்தாள்.

"அடியே, பொய் எழுதாத. அவன் போன அன்னிக்கு நீ இன்னா பண்ண?"

கதவைத் தாழ்போட்டுக் காலை நீட்டிப் படுத்தேன். விடியும்வரை தூங்கினேன். மறுநாள் துக்கம் கேட்க வந்தவர்களுக்காக அழுதேன். ஏழு வருஷமா அவங்களுக்காகத்தான் அழுதுகினு இருக்கேன்.

பேனாவை மூடிவிட்டேன்.

நவம்பர் 10, திங்கள்

பத்தொன்பது மனு. அவளைக் கூப்பிடவில்லை. பயம்.

நவம்பர் 13, வியாழன்

கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தாள். என்னைப் போல் தலையைக் குனிந்து பேசமாட்டாள், முறைத்துத்தான் பேசுகிறாள். உனக்கு இன்னா வேணும் என்றேன். "தனியா இருக்கணும். நீ அத்த சத்தமா சொல்லு."

சொன்னேன். ஜெராக்ஸ் கடை எல்லம்மாள் எட்டிப் பார்த்து, "யாருகிட்டக்கா பேசற?" என்றாள். "பார்ட்டிகிட்ட" என்றேன்.

இத்தனை கோபம் எனக்குள் எங்கே இருந்தது? கோபம்கூடப் பரவாயில்லை, இத்தனை சந்தோஷம்? தனியா இருக்கறது எனக்குப் பிடிச்சிருக்கு. பிடிச்சிருக்கு. பிடிச்சிருக்கு! எவன் என்ன சொல்றான், பாத்துக்கலாம்.

நவம்பர் 20, வியாழன்

அப்பாவைச் சேர்த்துக்கொள்ளப்போவதில்லை என்று மகளிடம் சொல்லிவிட்டேன். ஓவியா காலேஜ் இரண்டாம் வருடம். "நாளைக்கு உன் கல்யாணத்துல அப்பா எங்கன்னு கேப்பாங்களே?" என்றேன்.

தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "பெங்களூர்லன்னு சொல்லு. உண்மைதான?" என்றாள். பிறகு, "நீ சந்தோஷமாத்தாம்மா இருந்த. எனக்கு அப்பவே தெரியும்."

டிசம்பர் 3, கார்த்திகை தீபம்

மாடியிலிருந்தே மலையைக் கும்பிட்டேன். எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

வந்தார்கள். தருமன் கையில் ஒரு பை நிறைய ஆப்பிள். முடியெல்லாம் கொட்டிவிட்டது. அண்ணன்தான் பேசினார். "தப்புன்னு ஒத்துக்கறானே, அப்புறம் இன்னா? பொம்பள நீ, தனியா எத்தினி நாளைக்கு?"

நிமிர்ந்தால் எதிர் நாற்காலியில் தருமன். எதிரில் உட்கார்ந்தவருக்கு எழுதித்தானே எனக்குப் பழக்கம்? நேற்றே அவனாக மாறி எழுதி வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினேன். "நான் ஏழு ஆண்டுகளாக இந்த வீட்டில் வசிக்கவில்லை. இனியும் வசிக்கப்போவதில்லை. எனவே குடும்ப அட்டையிலிருந்து என் பெயரை நீக்க வேண்டும்."

"இன்னா இது?"

"உன் மனு. கையெழுத்துப் போடு." கல்யாணமான நாளிலிருந்து அவனை நேரில் நீ என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

"உனுக்கு இன்னா பைத்தியமா?" என்று அண்ணன் எழுந்துவிட்டார்.

"இவரு போனதுல எனக்கு வருத்தமே இல்லண்ணா. வர்றதுதான் வருத்தம்!"

என் குரல் இவ்வளவு பெரிதா! தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

தருமன் என்னையே பார்த்தான். "நீ இப்படி இருந்ததில்லியே" என்றான்.

"இருந்தேன். நீ பாக்கல. நானுந்தான் பாக்கல."

என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். ஆப்பிளை மறந்து விட்டுப் போய்விட்டான். ஓவியா ஒன்றைக் கழுவிக் கடித்தாள்.

டிசம்பர் 8, திங்கள்

அண்ணன் இனி என்னோடு பேசமாட்டாராம். பேச வேண்டாம், போ. இன்று எந்த மனுவிலும் "பாதம் பணிந்து" எழுதவில்லை. ஒரு பெரியவர் படித்துப் பார்த்துவிட்டு, "அத்த போடும்மா, ஆபீசர் கோச்சிக்கப் போறாரு" என்றார். கோச்சிக்கட்டும் என்றேன்.

பிப்ரவரி 9, திங்கள்

புதுக் குடும்ப அட்டை வந்தது. தருமன் பெயர் இல்லை. குடும்பத் தலைவி என்று என் போட்டோ. "இன்னாம்மா, போட்டோக்காரனை அடிக்கப் போற மாதிரி முறைக்கிற?" என்று ஓவியா விழுந்து விழுந்து சிரித்தாள்.

நான் முறைத்ததாக நினைவில்லை. ஆனால் இந்த முகம் எதிர் நாற்காலியில் பார்த்துப் பழகியதுதான். மாற்றச் சொல்லி மனு எழுதப்போவதில்லை.