பந்தைத் தேடப் போனவன்

மச்சான்,

இன்று காலை ராசா பசாரில் இறைச்சிக்கடை வாசலில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியதாகிவிட்டது. பஸ் நிறுத்தம் வரை ஒரே மூச்சில் நடக்க இப்போதெல்லாம் முழங்கால் விடுவதில்லை. கடைக்காரர் பின்பக்கம் ஆட்டுக்கொழுப்பை உருக்கிக்கொண்டிருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு அக்காவின் அடுப்படி வந்துவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் அக்கா கொழுப்பை உருக்கிக் கொடுப்பாள். நீங்கள் தோட்டத்து லயத்து வாசலில் உட்கார்ந்து, மழையில் தோல் ஊறிக் கனக்காமல் இருக்க, பந்தின் தையல் ஓரமாகத் துணியை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பீர்கள். வீடே நாறும். "ஆட்டக் கறியாத் திங்க வழியில்ல, பந்துக்குக் கொழுப்பு கேக்குது" என்று அக்கா முணுமுணுப்பாள்.

நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. இதை எழுத வேண்டும் என்று எத்தனையோ முறை உட்கார்ந்து, அலுத்துப்போய் எழுந்துவிட்டேன். யாருக்கு எழுதுகிறேன், எதற்கு எழுதுகிறேன் என்று தோன்றிவிடும். இன்றும் அலுப்பாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

அப்போது, வெள்ளைக்காரன் காலத்தில், செரம்பான் பக்கத்து ராசாவில் இரண்டு பந்தாட்டக் கிளப். ரப்பர் ஸ்டாம்பில் நீளநீளமான பெயர்கள் இருந்தன. வாயில் வந்தது நீலமும் மஞ்சளும்தான். கடைச் சிப்பந்திகளும் ரயில்வே ஆட்களும் சேர்ந்த டவுன் கிளப்புக்கு நீலச் சட்டை. ராசாவை ஒட்டிய ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு மஞ்சள் சட்டை. நீங்கள் மஞ்சளுக்குக் கேப்டன். மளிகைக்கடையில் நின்ற நான் நீலத்துக்குச் செயலாளர். எனக்கு ஆட வராது. ஆள் சேர்க்க வரும்.

ஆட்டத்தில் இரண்டு கிளப்புக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. போட்டியெல்லாம் கூட்டத்துக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை திடலில் எந்தப் பக்கம் ஆள் அதிகம் நிற்கிறது என்பதில்தான் எங்கள் மானம் இருந்தது. நான் லாரி பிடித்துத் தோட்டம் தோட்டமாக அனுப்புவேன். ஏறினவனுக்குப் பன்னும் தேத்தண்ணியும் உண்டு. உங்கள் லயத்து ஆட்களையே உங்கள் கண்முன்னால் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். முனியாண்டியைக்கூட விடவில்லை. உங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு, மஞ்சளுக்காகத் தொண்டை கிழியக் கத்தித் தப்படிக்கிறவன். ஒரு நீலச் சட்டையைக் கொடுத்து இழுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு அவன் எங்கள் பக்கம் நின்று தப்படித்த அன்று, நீங்கள் ஆட்டத்தின் நடுவில் அப்படியே நின்று பார்த்தீர்கள். எனக்குப் பயமாகிவிட்டது. நீங்கள் சிரித்துவிட்டீர்கள்.

"டேய் முனியாண்டி, சட்டை உனக்குத் தொளதொளன்னு இருக்குடா. மாப்ளகிட்ட சொல்லிச் சின்னதா வாங்கிக்க."

அவ்வளவுதான் உங்கள் கோபம். அக்காவுக்கு வந்த கோபத்தில் பாதிகூட உங்களுக்கு வரவில்லை.

ஜப்பான்காரன் வந்தான். எல்லாம் நின்றது. ரப்பர் வாங்க ஆள் இல்லை, தோட்டத்தில் வேலை இல்லை. நான் நின்ற கடை மூடிக்கொண்டது. நான் உங்கள் வீட்டிலேயே வந்து ஒட்டிக்கொண்டேன். லயத்துக்குப் பின்னால் மரவள்ளி நட்டு மூன்று பேரும் தின்றோம். மஞ்சள் சட்டைகளையும் நீலச் சட்டைகளையும் அக்கா கிழித்து, பிள்ளைகள் இருந்த வீடுகளுக்குத் துணி தைத்துக் கொடுத்தாள். முதலில் சயாமில் ஜப்பான்காரனுக்கு ரயில் பாதை போடப் போனவர்கள் நல்ல சம்பளம் என்று நம்பித் தாங்களாகவே போனார்கள். அவர்களில் ஒருவரிடமிருந்தும் ஒரு வரி வரவில்லை. அதற்கப்புறம் ஆள் பிடிக்க வரும் லாரிச் சத்தம் கேட்டால் ஆண்கள் ரப்பர் காட்டுக்குள் ஓடிவிடுவார்கள். நீங்களும் நானும் எத்தனை முறை ஓடி ஈர மண்ணில் குப்புறப் படுத்திருக்கிறோம். லாரி போன பிறகும் எழுந்திருக்கத் தெம்பு இருக்காது. பசிதான்.

அப்படி ஒருநாள் நம் இருவரையும் தோட்டத்து ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். நாற்காலியில் ஒரு ஜப்பான் அதிகாரி. அவன் சொன்னதைத் தமிழில் எடுத்துச் சொல்லத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி. பழையபடி இரண்டு கிளப்பும் ஆட வேண்டும், ஜனங்கள் சந்தோஷமாக இருக்க வேண்டும், பார்க்க வருகிற ஆம்பளை ஒவ்வொருவருக்கும் ஒரு படி அரிசி, எந்தக் கிளப் பக்கம் ஆள் அதிகமோ அந்தக் கிளப்புக்கு ஒரு முழு மூட்டை. கிராணி தரையைப் பார்த்துக்கொண்டுதான் அதைச் சொன்னார். அதை நான் கவனித்தேன். கவனித்தும் மனசில் போட்டுக்கொள்ளவில்லை.

திரும்பி வரும்போது எனக்குக் கால் தரையில் இல்லை. ஒன்றரை வருஷத்துக்கு அப்புறம் யாரோ என்னைச் செயலாளர் என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.  நீங்கள் ஆற்றுப் பாலத்தில் நின்றீர்கள்.

"ஏன் மாப்ள, அரிசி குடுக்கிறவன் பொம்பள புள்ளைக்கும் குடுக்கலாமில்ல? ஆம்பளைய மட்டும் ஏன் வரச் சொல்றான்?"

"பந்தாட்டம் பாக்க ஆம்பளதான் மச்சான் வருவான்."

"எனக்குச் சரியாப் படல. நான் யாரையும் வரச் சொல்லப் போறதில்ல. நீயும் சொல்லாத."

அன்று சாயங்காலமே நீங்கள் லயம் லயமாகப் போய், யாரும் திடல் பக்கம் தலைகாட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். மறுநாள் காலை, அதே வாசல்களுக்கு நான் போனேன். உங்களுக்குத் தெரியாமல் போனேன். இதை உங்களிடம் என் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை மச்சான். இப்போது சொல்கிறேன். "மஞ்சளுக்கு ஆள் வராதுன்னு மச்சானுக்குப் பயம். அதான் வேணாங்கிறாரு. நீங்க வாங்க, நீலத்துப் பக்கம் நில்லுங்க, அரிசி நிச்சயம்" என்று வீட்டுக்கு வீடு சொன்னேன்.

முனியாண்டி வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கைச் சுரண்டிக்கொண்டிருந்தான். உள்ளே அவன் மனைவி பாக்கியம் கைப்பிள்ளையோடு படுத்திருந்தாள்.

"மெய்யாலுமே அரிசியாங்க?"

"நான் கூப்பிட்டு வந்து உனக்கு என்னைக்காவது கெடுதல் ஆயிருக்கா?"

அவன் கிழங்கைக் கீழே வைத்தான். "பன்னு குடுத்தீங்க, சட்டை குடுத்தீங்க. சரி, வாரேன்" என்றான்.

ஆட்டத்தன்று மத்தியானம் திடலில் எங்கள் பக்கம் நிரம்பிவிட்டது. வேட்டிக்குப் பதில் சாக்கைக் கட்டிக்கொண்டவர்கள், கையில் அரிசிக்குத் துணிப்பை வைத்துக்கொண்டவர்கள். உங்கள் பக்கம் புல்தான் இருந்தது. ஏழு ஆட்டக்காரர்களோடு நீங்கள் வந்தீர்கள். யாருமே வராவிட்டால் ஜப்பான்காரன் லயத்துக்கே வந்து இழுப்பான் என்றுதான் வந்தோம் என்று அப்புறம் அக்காவிடம் அவர்களில் ஒருவர் சொன்னார். கூட்டத்தைப் பார்த்ததும் உங்கள் முகம் போன போக்கை நான் தோல்வி என்று நினைத்தேன். எனக்கு அதில் சந்தோஷம்கூட வந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

பந்துக்குள் காற்றுப்பை இல்லை. இலவம் பஞ்சை அடைத்திருந்தார்கள். அது எகிறவே இல்லை. ஆட்டக்காரர்கள் பத்தடி ஓடிவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யாரும் கத்தவில்லை. முனியாண்டி மட்டும் என் பக்கத்தில் நின்று கையைத் தட்டித் தாளம் போட்டான். அவன் தப்பு மேளம் எப்போதோ விலைக்குப் போய்விட்டது.

பாதி ஆட்டத்தில் சாலைப் பக்கம் லாரிகள் வந்து, பின்பக்கம் திடலைப் பார்க்க நின்றன. அரிசி வந்துவிட்டது என்று கூட்டம் சலசலத்தது. நான் எட்டிப் பார்த்தேன். ஐந்து லாரியும் காலி. துப்பாக்கியோடு சிப்பாய்கள் இறங்கி, சாலை ஓரத்திலும் இரண்டு பக்கத்திலும் சும்மா ஆட்டம் பார்க்கிறவர்கள்போல நின்றுகொண்டார்கள். உங்கள் கோலுக்குப் பின்னால் இருந்த ஆள் உயர லாலான் புல்லும் சாக்கடையும் ரப்பர் காடும்தான் மிச்சம். அங்கே இன்னும் எந்தச் சிப்பாயும் போகவில்லை.

அப்போதுதான் நீங்கள் பந்தை உதைத்தீர்கள். எதிர்ப்பக்கம் போக வேண்டிய பந்தைத் திரும்பி நின்று, உங்கள் கோலைத் தாண்டி, லாலானுக்குள் அடித்தீர்கள். அதிகாரி சிரித்தான். "போய் எடுத்துட்டு வாங்கடா" என்று உங்கள் ஆட்டக்காரர்களில் இரண்டு பேரை விரட்டினீர்கள். அவர்கள் வரவில்லை. "என்னடா தேடுறானுங்க, நீயும் போ, நீயும் போ" என்று இன்னும் இரண்டு பேர், அப்புறம் இன்னும் சிலர். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி திட்டித் திட்டி அனுப்பினீர்கள். பிறகு கோட்டோரம் என்னிடம் வந்தீர்கள். இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள்.

"மாப்ள, நீயும் போய்த் தேடு. திரும்பி வராத."

"நீங்க?"

"நானும் போனா ஆட்டம் முடிஞ்சிருச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சிரும். போ."

"இவங்க எல்லாம் நான் கூப்பிட்டு வந்தவங்க மச்சான்."

"தெரியும். உங்க அக்கா தனியா இருக்கா. போடா."

உங்களுக்குத் தெரிந்திருந்தது. நான் போனேன். முனியாண்டி "எங்க போறீங்க?" என்று கேட்டான். "பந்து" என்றேன். அந்த ஒரு சொல்லைத்தான் அவனிடம் கடைசியாகச் சொன்னேன். லாலானைத் தாண்டிச் சாக்கடைக்குள் இறங்கிய பிறகு விசில் கேட்டது. பிறகு ஜனங்கள் கத்தினார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து அக்காவிடம், மச்சானைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றேன். அவள் அழவில்லை. "நீ எப்படி வந்த?" என்று கேட்டாள்.  மறுநாள் பாக்கியம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். "நீங்க கூப்பிட்டுத்தானே வந்தாரு" என்றாள். சண்டைபோடவில்லை. ஒரு செய்தியைச் சொல்கிறமாதிரி சொல்லிவிட்டுப் போனாள்.

ஜப்பான்காரன் போய்ச் சில மாதம் கழித்து நீங்கள் வந்தீர்கள். சயாமிலிருந்து ரயில் மாறி மாறி வந்து, செரம்பானில் இறங்கி, அங்கிருந்து ஒரு குச்சியை ஊன்றி நடந்தே வந்திருந்தீர்கள். அக்காவுக்கு அடையாளம் தெரியவில்லை. இடது கணுக்காலில் புண் எலும்பு வரை தின்றிருந்தது. அந்தக் கால் அதோடு போயிற்று. வந்த மூன்றாம் நாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு பாக்கியத்தின் வீட்டுக்குப் போனீர்கள். முனியாண்டி காய்ச்சலில் போனதையும், நீங்கள் பக்கத்தில் இருந்ததையும், உங்கள் கையாலேயே மண் போட்டதையும் அவளிடம் சொன்னீர்கள். நான் வாசலிலேயே நின்றேன்.

பிறகு மறுபடி கிளப்புகள் வந்தன. நீலத்துக்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள். உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி அனுப்பினேன். பொய்யும் இல்லை. உங்களோடு முதலில் அதே வீட்டில், பிறகு அடுத்த தெருவில், ஒரே கோயிலில், முப்பது வருஷத்துக்கு மேல் இருந்திருக்கிறேன். நீங்கள் ஒரு நாளாவது திட்டியிருந்தால் தேவலை. ஒருமுறை, கோலா பிலாவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, பஸ்ஸில் நானே கேட்டுவிட்டேன்.

"என்னைய ஒரு வார்த்தை கேட்டுருங்க மச்சான்."

நீங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். 

"கேட்டா உனக்கு லேசாயிரும். அதான் கேக்கல."

அதைக் கோபமாகச் சொன்னீர்களா என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். குரலில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது.

அந்த ஆட்டத்துக்குப் பிறகு நான் யாரையும் எதற்கும் "வாங்க" என்று கூப்பிட்டதில்லை. என் மகள் கல்யாணத்துக்கே பத்திரிகையைக் கையில் கொடுத்ததோடு சரி, பேச வேண்டியதை அக்கா பேசினாள். நான் கர்வக்காரன் என்று ஊரில் பேச்சு. இருக்கட்டும்.

நீங்கள் போன காலையில் அக்கா என்னைப் பார்த்து, "நீதான் போய்ச் சொல்லணும். வேற யாரு இருக்கா?" என்றாள். வீடு வீடாகப் போனேன். மச்சான் போய்விட்டார் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தேன். கடைசியாகத்தான் பாக்கியத்தின் வீடு. மகனோடு ராசாவிலேயே இருக்கிறாள், கண் சரியாகத் தெரியவில்லை. கதவருகே போய் நின்றேன். 

"யாரது?"

நான் பெயரைச் சொன்னேன்.  நான் வந்திருப்பதிலேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது போலும்.

"எத்தனை மணிக்கு எடுக்குறாங்க?"

"மூணு மணி."

"செருப்ப எடுத்துக் குடுங்க. இப்பவே வாரேன்."

நான் குனிந்து செருப்பை எடுத்து அவள் காலடியில் வைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடிக்காமல் அவளால் நடக்க முடியாது. ராசா சாலையில், வெயிலில், உங்கள் வீடு வரை மெதுவாக நடந்தோம்.  என் மணிக்கட்டை அவள் பிடித்திருந்த இடம் இன்னும் அப்படியே இருக்கிறது மச்சான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.