வாத்துப் பாறை

சில்வி,

ஏரியில் பனிக்கட்டி விலகிவிட்டது. நான் ட்ரௌட் மீன் பிடிக்கக் கிளம்புகிறேன். மீன் சூப் அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிக்கொள்.

நேற்று தூண்டில் கடையில் உன் பள்ளித்தோழன் லைல் பெரிய ட்ரௌட் ஒன்றைத் தூக்கிக் காட்டினான்.

"எங்க மாட்டுச்சு இது?" என்றேன்.

"ஒன் பொண்டாட்டியக் கேளு."

கடையே சிரித்தது.

கல்யாணமான நாளிலிருந்து வாத்துப் பாறை நம் இருவருக்கு மட்டும் தெரிந்த மீன்பிடி இடம். மீன் கரையோரம் வரும் இந்தச் சில நாட்களுக்காகத்தான் குளிர்காலம் முழுக்கக் காத்திருக்கிறேன். அந்த இடத்தை அவனிடம் ஏன் சொன்னாய்? ராத்திரியே கேட்க நினைத்தேன். ஆனால் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டேன்.

லைல் மீன் அள்ளும் கைவலை கேட்டு வருவான். கொடுத்துவிடு. காபி போடாதே.

ஆர்வோ

பி.கு.: உன் ரப்பர் பூட்ஸ் கதவருகில் இருக்கிறது. நம் தூண்டில் இரண்டையும் எடுத்துப் போகிறேன். நீ வரும்வரை படகை அவிழ்க்க மாட்டேன்.