பூசாரியின் ஒரே வசனம்

செப்டம்பர் 11, 1961
இன்றும் கல்குவாரியில் படப்பிடிப்பு. என் வெள்ளைத் தாடிக்காகக் கிடைத்தது இந்தக் குருட்டுப் பூசாரி வேடம். கதாநாயகன் காகிதக்கூழ்ப் பாறைகளைத் தூக்கித் தூக்கி எறிகிறான். ஒன்று காற்றில் போய் இயக்குநரின் காப்பியைக் கவிழ்த்தது.

எனக்கு ஒரே வசனம். ஓடிப்போன இளவரசியிடம் சொல்ல வேண்டும்: "தப்பு என்னுடையது மகளே. வீட்டுக்கு வா."

எழுதியவருக்கு லவீனியாவைத் தெரியாது. தெற்கேயிருந்து வந்த ஒரு கொத்தனாரைக் கட்டிக்கொண்டாள் என்று என் மகளை நான் வெளியே போகச் சொல்லி ஆறு வருடம். டூரின் நகரத்தில் இருக்கிறாள். ஞாயிறு தவறாமல் சினிமா பார்ப்பாளாம். இதைப் பார்த்தால்? கேட்டால்?

செப்டம்பர் 13
தூக்கமில்லை. முப்பத்தெட்டு வருடம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தேன். முதலில் விளி, அடுத்து நலம், பிறகு விஷயம். என் மகளுக்கு எழுதும்போது விளியைத் தாண்டியதில்லை.

செப்டம்பர் 14
சொல்லிவிட்டேன். குரல் உடைந்து, கண்ணீரே வந்துவிட்டது. உதவி இயக்குநர் புரூனெத்தோ தோளைத் தட்டினான்.

"எதுக்கு வாத்தியாரே இந்த அழுகை? வாய் அசைஞ்சா போதும். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிட்டுப் போயிருக்கலாமே. இங்க சத்தத்த யாரு பதியறா?"

"அப்ப என் குரல்?"

"டப்பிங்ல வேற ஆள் குடுப்பான். நல்லா கனத்த குரலா."

"வசனமாவது இதேதானே?"

"அதெல்லாம் அப்ப பாத்துக்கலாம்."

அக்டோபர் 2
டப்பிங் கூடத்துக்கு மூன்றாவது தடவை. உள்ளே விடவில்லை.

பிப்ரவரி 18, 1962
படம் வந்துவிட்டது. திரையில் நான் அழுகிறேன், என் வாயிலிருந்து இடிபோல யாரோ ஒருவன்: "ஓடு பெண்ணே! எரிமலை வெடிக்கப்போகிறது!"

"பெருசு எரிமலைக்கா இப்படி அழுவுது!" என்றான் பின்வரிசையில் ஒருவன். தியேட்டரே சிரித்தது.

அடுத்த ஞாயிறு டூரினில் வருமாம். அவள் பார்ப்பாளே. ஓடு என்றா சொல்ல நினைத்தேன்? ஆறு வருஷத்துக்கு முன்னாடி சொன்னதும் அதத்தானே, மடையா —

பிப்ரவரி 24, டூரின்
காலை ரயிலில் வந்தேன். மூன்றாவது மாடி. லவீனியாதான் கதவைத் திறந்தாள். படத்தில் அது என் குரல் இல்லை என்று ஆரம்பித்தேன்.

"எந்தப் படம்? என்ன பேசறீங்கப்பா? ஆறு வருஷம்! ஒரு கடுதாசி போட உங்களுக்குக் கை வரலியா?"

மாடி முழுக்கக் கேட்கும்படி திட்டினாள். பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. "தப்புதாம்மா" என்றேன். அதற்கும் திட்டினாள்.

உள்ளிருந்து ஒரு குரல்: "உக்கார வச்சுத் திட்டேன், லவீனியா. படிக்கட்டுல குளிருது."

மாப்பிள்ளைதான் நாற்காலியை இழுத்துப் போட்டார்.