நீங்கள் வாங்கித் தந்த மட்டையின் பிடி

கண்ணான காசிம் அண்ணே,

நம் பேத்தி பூங்கோதையின் கை வலி விட்டுவிட்டது. வேறு எதையும் பேசுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். போன வாரம் கிணற்றில் வாளியைத் தானே இழுத்தாள். தை மாதம் முழுக்க அவளுக்குத் தலைகூட அவள் அம்மாதான் வாரிவிட்டாள், தெரியுமா? வாளி மேலே வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். என் பேச்சை எழுத்துக்குத் தக்கபடி அவளே திருத்தியும் கொள்கிறாள். உங்கள் தையல்காரர் சங்கம் போடும் நினைவு மலருக்கு இது போகிறது. "செத்துப்போனவங்களுக்கு யாரு தாத்தா லெட்டர் எழுதுவா?" என்று கேட்டாள். "இருந்தப்ப எதுக்கு எழுதணும்? ஒரு பஸ் ஏறினா ஆளையே பார்த்துடலாமே" என்றேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். என் மகன் சேகர் மன்னார்குடியில் பள்ளிக்கூடத்துக் காவலாளி. அந்தப் பள்ளிக்குள் இருக்கிற டென்னிஸ் களம் முன்பு மிராசுதார் பங்களாவைச் சேர்ந்தது. நெல் வண்டியோடு சுவரோரம் போகும்போது பந்துச் சத்தம் மட்டும் எங்களுக்குக் கேட்கும். இப்போது அந்த மண்ணில் என் பேத்தி ஆடுகிறாள். இதைக் கேட்ட உடனே நீங்கள் சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் மகன் அபூபக்கரிடம் சொல்லி மட்டை வரவழைத்தீர்கள்.

அதைக் கொண்டுவந்து கொடுத்த அன்று நீங்கள் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "வளர்ற புள்ளை தம்பி. பெரிய சைசாவே வாங்கிட்டு வரச் சொன்னேன். நாளைக்குச் சின்னதாப் போச்சுன்னா மறுபடி யாரு சிங்கப்பூர் போறது?" எங்கள் எல்லோருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பள்ளிக்கூடச் சட்டையை அப்படித்தானே எடுக்கிறோம்? செருப்பையும் அப்படித்தானே வாங்குகிறோம்?

நீங்கள் கண்ணை மூடிய பிறகு அவள் ஆட்டம் ஏறியது. ஜில்லா அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. கூடவே மணிக்கட்டும் வீங்கியது. சொன்னால் ஆட விடமாட்டோம் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் சோற்றைப் பிசைய முடியாமல் கையை உதறியபோதுதான் பார்த்தோம். தஞ்சாவூர் டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இப்படியே போனா மட்டை மட்டுமில்ல, பேனாவும் பிடிக்க முடியாது" என்றார். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதப்போகிற பெண்ணுக்கு இது சாதாரண வார்த்தையா?

மருமகள் அன்றைக்கே மட்டையைப் பரண்மேல் போடச் சொன்னாள். "நாத்து நட்டு நட்டு என் கை போனது போதும் மாமா. இவளாவது எழுதிப் பொழைக்கட்டும்." அவள் சொன்னதில் என்ன தப்பு?

விளையாட்டு சொல்லித் தரும் அமலா டீச்சர்தான் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். பூங்கோதை வலக்கை வீச்சுக்கு மட்டையை அரிவாள் பிடிப்பது போல மேலாகப் பிடித்து வந்தாள். டீச்சர் அவள் உள்ளங்கையை மட்டையின் நரம்பு வலைமேல் பதிய வைத்து, அப்படியே கீழே வழுக்கிக்கொண்டு வந்து பிடியில் நிறுத்தச் சொன்னார், எதிரே நிற்பவருக்குக் கை கொடுப்பது போல. ஓய்வு கொடுத்துக் கொடுத்து, மெதுவாக ஆடிப் பார்க்கச் சொன்னார். பந்தெல்லாம் வேலிக்கு வெளியே போனது. "பழைய பிடிதான் எனக்கு வரும். இது வராது" என்று அழுதாள்.

எனக்கு உங்கள் கத்தரி ஞாபகத்துக்கு வந்தது. கூலி கேட்டு நாங்கள் குறுவை அறுப்பை நிறுத்திய வருடம், போலீஸ் துரத்த உங்கள் தையல் கடைக்குள் ஓடி வந்தோம். நீங்கள் வாசலை மறித்துக் கையை விரித்து நின்றீர்கள். தடி கட்டைவிரலில் விழுந்தது. அதன் பிறகு கத்தரி வளையத்துக்குள் அந்த விரல் நுழையவே இல்லை. வேறு விரலை மாட்டி வெட்டப் பழகினீர்கள். அந்த ஐப்பசி முழுக்க வெட்டிய துணியெல்லாம் கோணல். தீபாவளிக்கு எனக்குத் தைத்த சட்டையில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. "போட்டுட்டுப் போ தம்பி. தெரு பூரா இந்த வருசம் இதுதான் பேஷன்" என்றீர்களே! பொங்கலுக்குள் வெட்டு நேராகிவிட்டது. இதை அவளிடம் சொன்னேன். கடைத்தெருவில் எங்கள் தெரு ஆட்களைத் தொட்டு, நாடா வைத்து அளந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்பதையும் சொன்னேன். அழுகை நின்றது. பந்தும் மெல்ல மெல்ல வேலிக்கு உள்ளே வந்தது.

ஆனால் வலி போகவில்லை அண்ணே. பந்து பட்டதும் மட்டை கைக்குள் சுழன்றது. அமலா டீச்சர் மட்டையைப் பிடித்து மூடிய அவள் கையை எடுத்துப் பார்த்தார். விரல் நுனிக்கும் உள்ளங்கை மேட்டுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைந்தால் அளவு சரியாம். இவள் கையில் இரண்டு விரல் தாராளமாகப் போனது. "இது பெரிய ஆம்பளை கைக்குச் செஞ்ச பிடி. இதை நழுவாம நிறுத்தத்தான் இவ மணிக்கட்டை இறுக்கி இறுக்கிக் கெடுத்துக்கிட்டா. ஆசாரிகிட்ட குடுத்துச் செதுக்கிடுங்க" என்றார்.

பூங்கோதை மட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "காசிம் தாத்தா குடுத்தது. அதுல யாரும் கை வைக்கக் கூடாது." எனக்கும் மனசு ஒப்பவில்லை. நீங்கள் கடைசியாக எங்களுக்குக் கொடுத்த பொருள் அது. பள்ளிக்கூடத்து மட்டைகளோ நரம்பு அறுந்து கிடக்கின்றன. என்ன செய்ய? கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். "ஆமினா பாட்டி சரின்னா சரி."

மட்டையைத் துணியில் சுற்றிக்கொண்டு முத்துப்பேட்டைக்கு பஸ் ஏறினேன். உங்கள் வீட்டுக்காரம்மா ஆமினா அக்கா கதவுக்குப் பின்னால் நின்று முழுவதையும் கேட்டார். அழ வைத்துவிட்டேனோ என்று பயந்தேன். பிறகு சிரிப்பு கேட்டது.

"தம்பி, அந்த மனுசர் எனக்குத் தச்ச ரவிக்கையில ஒண்ணையாவது நான் பிரிக்காம போட்டிருக்கேனா? 'ஒடம்பு வைக்கும், ஒடம்பு வைக்கும்'னு லொடலொடன்னு தச்சுக் குடுப்பாரு. அவரு கடைக்குப் போனதும் பிரிச்சு, பிடிச்சுத் தச்சுக்குவேன்."

"அது துணி அக்கா. இது மரமாச்சே, செதுக்கினா திரும்பி வராதே."

"புள்ளையோட கை மட்டும் திரும்பி வருமா? போய்ச் செதுக்கச் சொல்லுங்க. முதல்ல சாப்பிடுங்க."

அந்த ரவிக்கை விஷயம் உங்களுக்குத் தெரியுமா அண்ணே? தெரிந்தும் தெரியாதவர் போல இருந்துவிட்டீர்களா?

ஆசாரி பிடியின் தோலைப் பிரித்து, மரப்பிடியின் எட்டுப் பட்டையும் அழியாமல் அரத்தால் தேய்த்தார். கொஞ்சம் தேய்ப்பார், அவள் கையில் கொடுத்துப் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். பரண்மேல் போடச் சொன்ன மருமகளே பக்கத்தில் குனிந்து நின்று, "இன்னும் கொஞ்சம் எடுங்க ஆசாரியாரே, சுண்டுவிரல் எட்டல" என்றாள். எங்கள் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஜில்லா அணிக்கு ஆள் எடுத்த நாளில் அவள் கை கட்டுக்குள் ஓய்வில் இருந்தது. இந்த வருடம் போய்விட்டது. போகட்டும். இப்போது ஆடுகிறாள், புதுப்பிடியில் பந்துச் சத்தம் சுவர் அதிர எழும்புகிறது. சாயங்காலம் உட்கார்ந்து பரீட்சைக்குப் பக்கம் பக்கமாக எழுதியும் பார்க்கிறாள். டாக்டர், "இனி என்கிட்ட வர வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவள் ஆடிவிட்டு வந்ததும் முதலில் கையை நீட்டச் சொல்வேன். மணிக்கட்டை நானே அமுக்கிப் பார்ப்பேன். வலியில்லை என்று தெரிந்த பிறகுதான் ஜெயித்தாயா, தோற்றாயா என்று கேட்பேன்.

உங்கள் வீட்டில் பிறக்காத உங்கள் தம்பி,
மாணிக்கம்