அக்கா எண்ணிக் கொடுத்த வேகம்

பிப்ரவரி 20, வியாழன்

கடையில் கூட்டமில்லை. காலையிலிருந்து ஒரே ஒருவர் வந்தார். அவரும் மூக்குக்கண்ணாடிக் காலின் திருகு கழன்றுவிட்டதென்று வந்தவர். போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டு இதை எழுதுகிறேன்.

நாளை மறுநாள் ஜாஸ் இசைச் சங்கத்தின் இரண்டாவது கச்சேரி. இந்தப் பருவத்தில் மொத்தம் ஐந்து. எங்களிடம் வழக்கமாக வருகிறவர்களை ஒரே வேனில் ஏற்றிவிடலாம். அதிலும் பாதிப் பேர் இரண்டாம் பாட்டில் கண்ணசந்துவிடுவார்கள். "ஊர் ஜனங்க வரலைன்னா இதுக்குப் பேர் சங்கமா? நாம நாலு பேர் உட்கார்ந்து நம்மளையே மெச்சிக்கிற இடம்" என்று சங்கத் தலைவர் ஒற்றைக் காலில் நின்றார். அவர் பல் டாக்டர். எங்கள் குழுவில் பியானோவும் அவர்தான், டிரம்ஸ் நான். அவருடைய பிடிவாதத்தில்தான் போன வருடம் இலவச வகுப்பு ஆரம்பமானது. வாத்தியத்தைச் சங்கமே இரவல் கொடுக்கும். கற்றுக்கொண்டவர்கள் கச்சேரி முடிந்தபிறகு திறந்த மேடையில் ஏறி எங்களோடு ஒரு பாட்டு வாசிக்கலாம்.

இந்த முறை ஏறப்போவது என் அக்கா. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வருடக்கணக்காகப் படுக்கை விரிப்புகளை இழுத்து மடிப்பவள். வகுப்புக்குப் போன முதல் நாளே, குழாயை இழுத்து இழுத்து ஊதும் டிராம்போனைப் பார்த்து, "இதுவும் இழுக்குறதுதானே, எனக்கு வரும்" என்று எடுத்துக்கொண்டாள். கூட வேலை செய்யும் பெண்களையெல்லாம் அழைத்து வருகிறாளாம். ஒரு வரிசையை அப்படியே ஒதுக்கி வைக்கச் சொல்லி உத்தரவு.

விருந்தாளியாக வருபவர் பெரிய நகரத்து சாக்ஸபோன்காரர். அவருடைய டிரம்மர் விலகிவிட்டதாகக் கேள்வி. இதை ஏன் எழுதினேன்? சும்மாதான்.

பிப்ரவரி 23, ஞாயிறு

நேற்று நன்றாக நடந்தது. அரங்கு நிரம்பியது. சாக்ஸபோன்காரர் என் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

பிப்ரவரி 24, திங்கள்

நேற்று எழுதியதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் மூன்று வரியோடு நிறுத்திவிட்டு எழுந்து போனேனே, அது ஏன்?

நடந்ததை எழுது.

திறந்த மேடையில் ஒரு வழக்கம். ஏறுகிறவர்தான் பாட்டின் வேகத்தைச் சொல்ல வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக் கொடுப்பார். அந்த வேகத்தைக் கடைசிவரை காப்பாற்றுவது டிரம்மரின் வேலை. டிரம்ஸை நம்பித்தான் மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறார்கள்.

அக்கா நிதானமாக நடக்கிற வேகத்தில் எண்ணினாள். முதல் சுற்று அழகாகவே போனது. இரண்டாவது சுற்றில் ஓரிடத்தில் தடுக்கினாள், சமாளித்துக்கொண்டாள். பக்கத்தில் தன் முறைக்காக நின்றிருந்த சாக்ஸபோன்காரர் என்னைப் பார்த்தார். மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

நான் வேகத்தைக் கூட்டினேன். கொஞ்சமில்லை, இரண்டு மடங்கு. மேடையை விட்டு இறங்காத கற்றுக்குட்டிகளை விரட்ட ஜாஸ்காரர்கள் செய்கிற பழைய குறும்பு இது. குறும்பு என்பது நாங்கள் வைத்த பெயர்.

பியானோவும் அடிநாதம் கொடுக்கும் பாஸும் வேறு வழியில்லாமல் என் பின்னால் ஓடி வந்தன. அக்காவும் ஓடிப் பார்த்தாள். அவள் ஒரு இழுப்பு இழுத்து முடிப்பதற்குள் பாட்டு எங்கேயோ போய்விட்டது. நின்றுவிட்டாள். குழாயில் ஏதோ அடைத்துக்கொண்டது போல அதைத் தூக்கி உள்ளே பார்த்தாள். கூட்டம் சிரித்தது. சாக்ஸபோன்காரர் உள்ளே பாய்ந்து பிய்த்து உதறினார். ஒரே கைதட்டல். டிராம்போனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அக்காவும் தட்டினாள்.

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். என் சதைக்கு என்ன கேடு வந்தது?

பிப்ரவரி 26, புதன்

"அண்ணி ஏன் அன்னைக்குப் பாதியில நிறுத்திட்டாங்க?" என்று மனைவி அக்காவைப் பற்றிக் கேட்டாள். வேகம் தாங்கவில்லை என்றேன். யாருடைய வேகம் என்று அவள் கேட்கவில்லை.

மார்ச் 3, திங்கள்

அக்கா கடைக்கு வந்தாள். வேலை முடிந்து நேரே வந்திருக்கிறாள். கையெல்லாம் சலவைத்தூள் வாசனை. அவள் வாயைத் திறப்பதற்குள் நாமே சொல்லிவிடுவோம் என்று எழுந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"உன் மானத்தை வாங்கிட்டேன்டா. அவ்வளவு பெரிய ஆள் முன்னாடி உனக்குத் தலைகுனிவு. நான் எண்ணிக் கொடுத்ததே தப்பு போலிருக்கு."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என்ன சொன்னேன்? "பரவாயில்லக்கா" என்றேன். பரவாயில்லையாம்! பெரிய மனசு பண்ணி அவளை மன்னித்துவிட்டேன்!

அதோடு விட்டாளா? அந்த வேகத்துக்குத் தன்னைப் பழக்கிவிட வேண்டுமாம். "நீ அடி, நான் கூடவே வரேன்." சரி என்று தலையாட்டினேன். மாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டியிருக்குமே.

மார்ச் 9, ஞாயிறு

கடையின் பின்னறையில் பயிற்சி. லென்ஸ் தேய்க்கும் மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு சிறிய டிரம்மும் ஒரு சிம்பலும். நான் அடிக்க அடிக்க அவள் துரத்திக்கொண்டே வந்தாள். உதடு வெடித்து ரத்தம் எட்டிப் பார்த்தது. நிறுத்திக்கொள்ளலாம் என்றேன்.

"உனக்கு அலுப்பா இருந்தா சொல்லு. எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள்.

கொஞ்சம் வேகத்தைக் குறைத்து அடித்தேன். உடனே கண்டுபிடித்துவிட்டாள். "ஏமாத்தாதே, அன்னைக்கு அடிச்ச மாதிரியே அடி." அடித்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

சாக்ஸபோன்காரர் போன் செய்தார். ஏப்ரல் 12, அவருடைய நகரத்தில், அவருடைய குழுவோடு. "உங்க கை எனக்குப் பிடிச்சுப் போச்சு" என்றார்.

சந்தோஷமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 30, ஞாயிறு

மூன்றாவது கச்சேரி. சலவைப் பிரிவுக்கென்று பல் டாக்டர் இந்த முறையும் ஒரு வரிசையை ஒதுக்கி வைத்திருந்தார். கடைசிவரை காலியாகவே கிடந்தது. அக்கா மட்டும் வந்தாள், வெறுங்கையோடு. கதவோரம் நின்றாள்.

"மேடைக்கு வரலையா?" என்று டாக்டர் கேட்டதற்கு, "இன்னும் வேகம் வரலை டாக்டர்" என்றாள். மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, "நமக்கு எதுக்கு இதெல்லாம்னு நினைக்கிறாங்க" என்றாள். டாக்டர் என் பக்கம் பார்க்காமல் பியானோவைத் திறந்தார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

திரும்பி வரும் ரயிலில் எழுதுகிறேன்.

கச்சேரிக்கு முன் எல்லோரும் மேடைக்குப் பின்னால் அறையில் உட்கார்ந்திருந்தோம். சாக்ஸபோன்காரர் தன் ஆட்களுக்கு என்னை அறிமுகப்படுத்தினார். "இவர் யார் தெரியுமா? அங்க ஒரு அம்மா டிராம்போனைத் தூக்கிக்கிட்டு மேடையை விட்டு இறங்க மாட்டேன்னு நின்னுச்சு. மனுஷன் ஒரே சுற்றுல துரத்திட்டார்!" ஒரே சிரிப்பு. ஒருவர் அக்கா குழாய்க்குள் பார்த்த மாதிரி நடித்துக் காட்டினார். அவர் அன்று அங்கே வந்தவர்கூட இல்லை. அப்படியென்றால் இந்தக் கதை எத்தனை முறை சொல்லப்பட்டிருக்கிறது?

பாஸ் வாசிப்பவர் மட்டும் சிரிக்கவில்லை. "யாருங்க அந்த அம்மா?" என்று கேட்டார்.

"ஊர்ல ஒருத்தங்க" என்றேன்.

ஊர்ல ஒருத்தங்க. உங்க அக்காடா அது. கூடப் பொறந்தவ. உனக்குக் கை பிடிச்சு ரோடு கடக்கச் சொல்லிக் குடுத்தவ. வாய் வரைக்கும் வந்துச்சே, சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? நாக்கு என்ன அறுந்தா போயிருக்கும்?

கச்சேரி நன்றாக இருந்ததாம். அடுத்த மாதமும் வரச் சொன்னார்கள்.

ஏப்ரல் 14, திங்கள்

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அண்ணிக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த கச்சேரியில் மைக்கைப் பிடித்து எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கப்போகிறேன் என்றேன். எனக்கே அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

"அவங்களை ரெண்டாவது தடவையும் மேடையில நிறுத்தி வேடிக்கை காட்டப் போறீங்களா? அங்க உங்களுக்குக் கை தட்டுவாங்க. அவங்களுக்கு என்ன கிடைக்கும்?"

நேரில் போய்ச் சொல்ல வேண்டும். வேறு வழியே இல்லை.

ஏப்ரல் 16, புதன்

மதியம் கடையைச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சலவைப் பிரிவு தரைக்குக் கீழே. இத்தனை வருடத்தில் ஒரு முறைகூட அங்கே நான் போனதில்லை என்பது படியிறங்கும்போதுதான் உறைத்தது. ஆளுயர இயந்திரங்கள், அனல், இரைச்சல். அக்கா ஒரு விரிப்பின் இரண்டு முனைகளை என்னிடம் நீட்டினாள். எதிரில் யார் நின்றாலும் நீட்டுவாள் போலிருக்கிறது. பிடித்துக்கொண்டேன்.

"அன்னைக்கு நீ தப்பா எண்ணல. நான்தான் வேணும்னே ஓட்டினேன்" என்றேன்.

"என்ன?" இரைச்சலில் கேட்கவில்லை.

மறுபடியும் சொன்னேன், கத்தி. பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாருக்காக ஓட்டினேன், எதற்காக ஓட்டினேன் என்பதையும் சொன்னேன். அக்கா விரிப்பை மடித்துக்கொண்டே கிட்டே வந்தாள். என் கையிலிருந்த முனைகளை வாங்கி, அடுக்கின் மேல் வைத்து, உள்ளங்கையால் ஒரு முறை நீவினாள்.

"உதடு கிழிய உன் கடையில வாசிச்சேனே, அப்பவும் தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"சரி, போ" என்றாள். அடுத்த விரிப்பை எடுத்தாள். அதன் இரண்டு முனைகளை வேறொரு பெண் வந்து பிடித்துக்கொண்டாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

பல் டாக்டர் கடைக்கு வந்தார். அக்கா டிராம்போனைத் துடைத்து, பெட்டியில் வைத்து, சங்கத்தில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாளாம்.

அவரிடமும் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு அன்னைக்கே தெரியும். நானும் கூடவே ஓடி வந்தேனே. மேடையில இருந்த எல்லாருக்கும் தெரியும். அவங்களுக்கு மட்டும்தான் தெரியல."

ஊரைக் கூட்ட வேண்டும் என்று பேசியவர்களின் லட்சணம்!

ஏப்ரல் 27, ஞாயிறு

நான்காவது கச்சேரி. வாசித்தேன்.

மே 5, திங்கள்

சாக்ஸபோன்காரரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். கடையில் வேலை அதிகம் என்றேன். அந்த அம்மா என் அக்கா என்று இப்போதும் சொல்லவில்லை. போனில்தானே பேசினேன், முகம்கூடத் தெரியாதே. என்ன ஜென்மம் நான்?

மே 14, புதன்

டாக்டர் சொல்லித்தான் தெரியும். அக்கா டிராம்போனை மறுபடியும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். கூடவே சலவைப் பிரிவிலிருந்து இரண்டு பெண்கள் வந்து டிரம்பெட் இரவல் கேட்டார்களாம். சங்கத்து மாடிக்கு வர மாட்டார்கள்; புதன்கிழமை சாப்பாட்டு வேளையில் சலவைப் பிரிவிலேயே வாசிக்கிறார்கள். டாக்டர் தன் சிறிய மின்பியானோவைத் தூக்கிக்கொண்டு கீழே போய் வருகிறார். முதல் நாள் போனவுடன் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டாராம். "வாசிங்க டாக்டர், நேரமாகுது" என்றாளாம்.

"டிரம்ஸ் யாரு?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"டிரம்ஸ் இல்ல" என்றார்.

ஜூன் 1, ஞாயிறு

கடைசிக் கச்சேரியும் முடிந்தது. திறந்த மேடை என்று அறிவித்தோம். யாரும் ஏறவில்லை. டாக்டர் ஊர் மக்களுக்கு நன்றி சொன்னார். சொல்லும்போது காலி நாற்காலிகளைத்தான் பார்த்தார். வந்திருந்தவர்கள் போனபிறகு நாங்களே நாற்காலிகளை மடக்கி வைத்தோம்.

ஜூன் 3, செவ்வாய்

மனைவி அக்காவைப் பார்த்துவிட்டு வந்தாள். "வரணும்னா நாளைக்கு வரட்டும், டிரம்ஸ் குச்சி எடுத்துட்டு வர வேண்டாம்னு சொன்னாங்க."

வேறு ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். இல்லை. கோபமாகச் சொன்னாளா, சாதாரணமாகவா? "போய்ப் பார்த்துக்குங்க" என்றாள்.

ஜூன் 4, புதன்

போனேன். குச்சி இல்லாமல் வெளியே கிளம்பினால் பையில் எதையோ வைக்க மறந்துவிட்ட மாதிரியே இருக்கிறது.

இயந்திரங்களை நிறுத்தியிருந்தார்கள். சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எல்லோரும் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள். பேச்சுக் கொடுக்கவில்லை. டாக்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் பியானோவைப் பார்த்துக்கொண்டார்.

அக்கா எண்ணினாள். அன்று எண்ணியதைவிட நிதானமாக, யார் கேட்பது என்கிற மாதிரி எண்ணினாள். டிரம்பெட்காரப் பெண்கள் இரண்டு இடத்தில் பிசகினார்கள். அவர்கள் வந்து சேரும்வரை அக்கா ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இப்படிக் காத்திருப்பதை அவளுக்கு எந்த வகுப்பிலும் நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை.

என்னையறியாமல் கால் தரையில் தட்ட ஆரம்பித்துவிட்டது. அக்கா வாசித்துக்கொண்டே திரும்பி என் காலைப் பார்த்தாள். நிறுத்திக்கொண்டேன்.

முடிந்து கைதட்டும்போது மேற்பார்வையாளர் உள்ளே வந்தார். இந்த வாரம்தான் சேர்ந்தவராம். வெளியாள் ஒருவன் மூட்டைமேல் உட்கார்ந்திருப்பதைக் கண்டு, "இவர் யாரு?" என்று கேட்டார். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவள் குழாயைச் சாய்த்து, உள்ளே சேர்ந்த தண்ணீரை ஒரு பழைய துணியில் வடித்துக்கொண்டிருந்தாள்.

"என் தம்பி" என்றாள். "கண்ணாடிக் கடை வச்சிருக்கான்."

ஆமாம் என்று தலையாட்டினேன்.