தோலில் கேட்ட சீறல்

மார்ச் 4, காலை 7:10. நிலவு, தென்துருவ ஆய்வுக்கூடம்.

எழுதுவது எஸ்தர் ஞானசுந்தரி, மூளை ஆய்வாளர். கூடத்தில் இருவர்தான்: நானும் பொறியாளர் ஃபரீதாவும். இன்றும் கைப்பட்டைச் சோதனை. ஒலியை அதிர்வாக்கி மணிக்கட்டில் தட்டும் பட்டை இது. காது போனவரின் மூளை தோல் வழியே கேட்கக் கற்றுக்கொள்ளும் என்பது என் வாதம். முதிர்ந்த மூளை அப்படி மாறாது என்று என் முனைவர் பட்டத் தேர்விலேயே மறுத்தவர் பேராசிரியர் குலசேகர். அதன்பிறகு அவர் உட்கார்ந்த எல்லாக் குழுவிலும் மறுத்தார். இப்போது இந்தத் திட்டத்தின் தலைவரும் அவரே. காற்றழுத்தம் சீர்.

மார்ச் 9, மாலை 4:35.

வெளிக்கதவின் அடைப்பு பிய்ந்தது. அழுத்தம் சட்டென்று விழுந்து, உள்கதவு மூடியபின் ஏறியது. ஃபரீதாவுக்குத் தலையில் அடி. மூச்சு இருக்கிறது, நினைவில்லை; சலைன் ஏற்றியிருக்கிறேன். எனக்கு இரண்டு காதும் போய்விட்டன. ரத்தம் நின்றுவிட்டது, சத்தம் திரும்பவில்லை. பட்டையைக் கட்டிக்கொண்டேன். இனி சோதனைக்கு ஆள் நானே.

மார்ச் 17, பகல் 1:20.

முதலில் வெறும் கூச்சமாக இருந்தது. இப்போது விசிறி வேறு, என் காலடி வேறு என்று தெரிகிறது. இன்று புதிதாக ஒரு சீறல், எங்கோ காற்று கசிவதுபோல. பூமிக்குச் சொன்னேன். குலசேகரின் பதில் திரையில் எழுத்தாக வந்தது:

"எஸ்தர், அழுத்தமானி சரியாத்தான் காட்டுது. காது போனவங்களுக்கு இல்லாத இரைச்சல் கேக்கும்னு நீங்களே எழுதியிருக்கீங்க. பட்டையைக் கழட்டி வச்சுட்டு ரெஸ்ட் எடுங்க. மீட்புக் கலம் வர்ற வரைக்கும் எதையும் தொடக்கூடாது. இது உத்தரவு."

எழுதியது நான்தான். மூளை தானாக உண்டாக்கும் இரைச்சல் எங்கே போனாலும் கூடவே வரும் என்றும் அதே கட்டுரையில் எழுதினேன். இது வரவில்லை. சமையல் மூலையில் தேய்ந்துபோகிறது. ஃபரீதாவின் கட்டிலுக்குப் பின்னால் மணிக்கட்டைக் குத்துகிறது.

உத்தரவை மீறுகிறேன்.

அதே நாள், 2:05.

ஃபரீதாவைப் போர்வையோடு நடு அறைக்கு இழுத்து வந்தேன். தோள் விட்டுப்போகிற வலி. படுக்கையறைக் கதவைப் பூட்டினேன். பிடியிலிருந்து கையை எடுப்பதற்குள் அந்த அறையின் வெளிச்சுவர் பிய்ந்து போயிற்று. கண்ணாடி வழியே பார்த்தேன். கட்டில் இருந்த இடத்தில் கருப்பு வானம். மானி இன்னும் சீர் என்றே காட்டுகிறது.

பூமிக்கு அனுப்பியது: "ஐயா, மானிதான் பொய் சொல்லுது. என் மூளை சொல்லல. அதுக்கு வயசு ஐம்பத்து மூணு. குறிச்சுக்குங்க."

மார்ச் 19 ஆக இருக்கலாம்.

மீதிக் காற்று கலம் வரும்வரை தாங்குமா என்று கேட்டேன். பதிலுக்குக் குலசேகர் பட்டையின் பதிவுகளைக் கேட்டார். அனுப்பவில்லை. நான் நேரில் வந்து படிப்பேன், எதிரே உட்கார்ந்து கேட்கட்டும். மின்சாரம் காற்றுக்கு வேண்டும். விளக்கையும் திரையையும் அணைத்துவிட்டேன். டார்ச் வெளிச்சம் இந்தத் தாளுக்கு மட்டும்.

ஃபரீதா அசைந்தாள். இருட்டில் உதடு தெரியவில்லை. பட்டையில் ஏதோ தட்டிற்று, இழுத்தது. மறுபடியும் அதே. அதற்கடுத்து வந்தது தட்டல் அல்ல, சொல்.

"எஸ்தர்க்கா, தண்ணி."

கொடுத்தேன். இன்னும் பேசுகிறாள். எழுதுகிற கையில்தான் பட்டை இருக்கிறது, பேனா நகர்ந்தால் அவள் குரல் கலைகிறது. எழுத்து போதும். அவள் சொல்வதைக் கே