பம்பு ஹவுஸ் பரிசல்

ஜனவரி 19

நீர்க்காக்கா, இன்றும் குழாயில் தண்ணீர் வரவில்லை. காற்றுதான் வந்தது. லயத்து வரிசை வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஊற்றுக்குக் குடம் தூக்குகிறோம். ஏலத்தோட்டத்துக்குப் போனேன். வந்தேன். குழம்பில் உப்புப் போட்டேனா, தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டேன்.

ஜனவரி 21

காய் எடுத்தேன். வேறு ஒன்றும் இல்லை.

ஜனவரி 24

பம்பு ஹவுஸ் சிஜு வந்தான். அணைக்குள் குழாய் வாயில் கம்பிவலை இருக்குமே, நீ நீர்க்காக்கா மாதிரியே முங்கி முங்கிச் சுரண்டுவாயே, அது மறுபடி அடைத்துவிட்டதாம். உன் கையைக் கீறிய அதே சிப்பி. எந்த ஊர்ப் படகில் ஒட்டிக்கொண்டு வந்ததோ. உடும்பஞ்சோலையிலிருந்து ஆள் கூட்டி வந்து சுரண்டினார்கள், திரும்பவும் அப்பிவிட்டது.

"எங்கேருந்து வருதுன்னு பாத்தோம் சேச்சி. சங்கையாண்ணன் பரிசலோட அடி முழுக்கச் சிப்பி. அது வலைக்கு நேர் மேலல்லே கெட்டியிருக்கு? அதை எடுக்காம எத்தன தடவ சுரண்டியும் காரியமில்ல."

எடுத்துக்கோ என்று வாய்வரை வந்தது. "தொடாதே" என்றேன்.

அவன் பாட்டுக்குக் கயிற்றை அறுத்துவிட்டுப் போயிருக்கலாம். "சேச்சிகிட்ட கேக்காம கத்தி வெக்கத் தோணல" என்றான். சாயா போட்டுக் கொடுக்கக்கூட வீட்டில் தண்ணீர் இல்லை.

ஜனவரி 25

பரிசல் எனக்கு எதற்கு? துடுப்புப் போடக்கூடத் தெரியாது.

எனக்கு வேண்டியது பரிசல் இல்லை. முடிச்சு. அன்றைக்கு நீ கரையேறி, இரும்பு வளையத்தில் கயிற்றைக் கட்டினாய். உன் கை கடைசியாகச் செய்த வேலை அதுதான். பிறகு மழையோடு நடந்து வந்து, "நெஞ்சு என்னமோ பண்ணுது, வெந்நி போடு புள்ள" என்று படுத்தாய். தண்ணி சுடுறதுக்குள்ள போயிட்ட. அண்டாத் தண்ணி ஆறிப் பச்சத்தண்ணியாப் போச்சு. அதுலதான் உன்னக் குளுப்பாட்டுனாங்க.

அழுகை வரல. இன்னும் வரல. ஏன்?

ஜனவரி 28

ஊற்றும் கலங்கிவிட்டது. வரிசையில் எல்லோர் முன்னாலும் மூக்கம்மாள் மதினி, "எம் பேத்திக்குக் கால் கழுவத் தண்ணியில்ல. ஒம் புருசன் பரிசலு மட்டும் நல்லாக் குளிச்சிக்கிட்டுக் கெடக்கு. ஒரு சோப்பும் வாங்கிப் போடு தாயி" என்றாள். சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அப்புறம் அவளே என் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 1

பார்க்கப் போனேன். முடிச்சைத் தொட்டுப் பார்க்கலாம் என்றுதான்.

தண்ணீர் ஏறி இறங்கியதில் வளையத்தோடு சேர்த்து முடிச்சு மேலேயே சிப்பி. கருப்பாக, நெல்லு நெல்லாக. விரல் வைக்க இடமில்லை. நீ போட்ட முடிச்ச அதுங்க புடிச்சி வச்சிருக்குங்க. எது கயிறு, எது சிப்பின்னே தெரியல.

பிப்ரவரி 2

சிஜுவிடம் சொன்னேன். முடிச்சை விட்டுவிட்டு, அதற்கு இந்தப் பக்கம் அறுத்துக்கொள்.

"முடிச்சிலயும் சிப்பி உண்டல்லே சேச்சி. கொதிக்கிற தண்ணி ஊத்தணும். பரிசலுக்கும் அதேதான். அப்பத்தான் சாகும்."

"வெந்நி நான் போடுறேன்."

பிப்ரவரி 9

குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. முதலில் துருவாக, பிறகு தெளிவாக. மூக்கம்மாள் மதினி பேத்தியைக் குழாயடியிலேயே உட்கார வைத்துக் குளிப்பாட்டினாள். "நீயும் தலைக்கு ஊத்து" என்று என்னை அதட்டினாள்.

பரிசலை எடுத்த அன்று நடந்ததை எழுத வரவில்லை. இப்போது எழுதுகிறேன். பரிசலைக் கரையில் இழுத்துக் கவிழ்த்தார்கள். அடி முழுக்கக் கருப்பு. பம்பு ஹவுஸ் முற்றத்தில் கல் கூட்டி நம் அண்டாவை வைத்தேன். உனக்கு வெந்நீர் போடும் அதே அண்டா. கொதித்ததை மொண்டு மொண்டு ஊற்ற, சிப்பி எல்லாம் வாயைத் திறந்தது. கடைசியில் முடிச்சு. ஒரு செம்பு மொண்டேன். கை தன்னால் பக்கத்து வாளிக்குப் போய்ப் பச்சைத்தண்ணீர் எடுத்து விளாவப் பார்த்தது. "விளாவ வேண்டா சேச்சி, சூடு கொறஞ்சா சாகாது" என்று சிஜு கையைப் பிடித்தான்.

விளாவாமலே ஊத்திட்டேன்.

நீர்க்காக்கா, ரொம்பச் சுட்டுச்சா?